மா

கிண்ணியாப் பாதையில் வந்து
ஏழரைச் சங்குக்கு முன் டொக்யார்ட் வாசலில் நின்றால்
நான் இலக்கம் 2214, களஞ்சியக் கிளார்க்,
பெயர் உதுமாலெவ்வை,
இனம்: மூர்.

அந்தச் சொல்லை நாங்கள் கேட்டு வாங்கவில்லை.
போர்த்துக்கீசன் தன் ஊர்ப் பகைவனின் பெயரைக்
கப்பலில் ஏற்றி வந்து
இங்கே கண்ட தொப்பிக்கெல்லாம் மாட்டினான்.
ஒல்லாந்தன் அதைக் கழற்றவில்லை.
வெள்ளைக்காரன் அதற்கொரு கட்டம் கீறினான்.

ஐம்பத்தேழு ஆவணி.
சுவேசில் மூக்குடைந்த பிறகு
நேவி பெட்டி கட்டிக்கொண்டிருந்தது.
கரண்டி, கயிறு, பியானோ, நங்கூரம்
எல்லாம் எண்ணி மூன்று பிரதியில் எழுதுவது என் வேலை.
மிச்சப் பிஸ்கட்டுக்குக் கையெழுத்திட
கன்டீன் கொன்ராக்டர் ஹெஸ்கேல் வந்தான்.
பக்தாத் யூதன். சண்டைக்காலத்தில் வந்து தங்கியவன்.
இரண்டு மாதத்துக்குள் திரும்பாத யூதன் எங்கள் ஆளில்லை என்று
அவன் ஊர் சட்டம் போட்டபோது
இங்கே வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தானாம்.

சீனன்குடாவில் எண்ணெய் இறக்கிய கப்பலிலிருந்து
கை வெந்த ஒருவன் மருந்துக்கு வந்தான்.
மித்ரி. ஹைஃபாக்காரன்.
ஸலாம் சொன்னேன்.
குனிந்தபோது அவன் கழுத்தில் சிலுவை ஆடியது.

ஹெஸ்கேல் வாய் திறந்தான்.
அரபு!
தொழுகையில் மட்டும் நான் கேட்ட மொழி
வெங்காயக் கணக்குச் சொல்லும் வாயிலிருந்து
எச்சில் தெறிக்கச் சிரித்துக்கொண்டு வந்தது.
மித்ரிக்குக் கண் நிறைந்தது.
கால் மணி நேரத்தில் இருவரும் சண்டை.

பதிவின்படி அந்த அறையில்
அரபு வழி வந்தவன் நான் ஒருத்தன்தான்.
ஒரு வசனம் விளங்கவில்லை.

ஓதிய சொற்கள் சில
சோற்றில் மீன்முள்ளாய்த் தட்டுப்பட்டன.
பைத், வீடு. பாப், வாசல். அர்ழு, நிலம்.
அடிக்கடி இரண்டு பேரும்: மா, மா.
மா என்றால் தண்ணீர்.
பாவம், புண்ணோடு நிற்கிறவன், தாகம்தானே என்று
கூஜாவிலிருந்து இரண்டு கிளாஸ் வார்த்து நீட்டினேன்.

சண்டை நின்றது.
"மடையா, நாங்கள் சொன்ன மா தண்ணீரில்லை.
'இல்லை' என்கிற மா."
சொல்லிவிட்டு ஹெஸ்கேல் தண்ணீரைக் குடித்தான்.
"நான் அரபியாம், இவன் சொல்கிறான், கூடப்பிறந்தவன் மாதிரி.
அப்படியென்றால் பக்தாத் ஏன் என்னைக் கழித்தது?
இவன் ஊரை எடுத்த நாடு என்னை வா என்கிறது.
அரபை மட்டும் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு."
மித்ரி கிளாசையே பார்த்தான்.
"உன்னையாவது கூப்பிடுகிறார்கள்."
அது கப்பல் இங்கிலீசில்,
எனக்கும் விளங்கட்டும் என்று.

என் சட்டைப்பையில் உம்மாவின் சீட்டு,
அரபெழுத்தில் எழுதிய தமிழ்.
ஹெஸ்கேல் உருவியெடுத்து
புள்ளி கூடிய எழுத்துகளில் தடுக்கித் தடுக்கி வாசித்தான்:
'கடைசிப் பாதையை விட்டிராதே. அரை றாத்தல் புளி.'
பக்தாத் தொண்டையில் உம்மா.
வாசித்தவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.
"இது எந்த ஊர் அரபு?" என்றான் மித்ரி.
"என் வாப்பாவின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவேணும் நீ,"
ஹெஸ்கேல் சொன்னான்,
"பேச்சு அரபு, எழுத்து ஹீப்ரு. பேரீச்சை நாலு மூட்டை, பாக்கி."

ஐப்பசியில் கொடி இறங்கியது.
ஹெஸ்கேல் பம்பாய்க் கப்பல் ஏறினான் என்றார்கள்.
லண்டன் என்றும் சொன்னார்கள்.
புதிய பாரம் வந்தது, நான் வாசிக்கத் தெரியாத எழுத்தில்.
பியோன் வீரசூரிய விரல் வைத்துக் காட்டினான்:
இது பெயர், இது வயது, இது ஜாதிய.
"ஜாதியா?"
"அதில்லை. மற்றது."

தமிழன் என்று எழுதினால் பள்ளிவாசலில் கேட்பார்கள்.
எழுதாவிட்டால் கச்சேரியடியில் கூட்டம் போடுகிறவர்கள் கேட்பார்கள்,
எந்த மொழியில் சோறு கேட்டாய் என்று.
மா என்று எழுத நினைத்தேன்.
தண்ணீரா இல்லையா என்று
கொழும்பில் இருப்பவன் மண்டையை உடைக்கட்டும்.

உத்தியோகம் போய்விடும்.
மூன்று பிரதியிலும் பழையதையே எழுதிவிட்டுப்
பாதைக்கு ஓடினேன்.
நடு ஆற்றில்தான் ஞாபகம் வந்தது.
அன்றைக்கும் புளி வாங்கவில்லை.